கற்பூரம் தந்த காடு

தலை பாரமாக இருந்தால் நம் வீடுகளில் முதலில் தேடுவது தைலப் புட்டியைத்தான். சளி பிடித்தால் நீலகிரித் தைலம், உடம்பு வலித்தால் கோடாலித் தைலம், விளக்கு வைக்கும் நேரத்தில் கற்பூரம். மணப்பொருள்களால் உடலுக்கும் மனத்துக்கும் இதம் தேடும் இப்பழக்கம் மிகப் பழையது. அதன் வரலாற்றில் ஒரு பகுதி நம் ஜொகூர் மாநிலத்தில், மெர்சிங் வட்டாரக் காடுகளிலேயே இருக்கிறது.

மெர்சிங் நகருக்கு வடக்கே எண்டாவ் ஆறு கடலில் கலக்கிறது. இந்தக் கிழக்குப் பகுதிக் காடுகளில் மலாய்க்காரர்கள் 'காப்பூர்' என்றழைக்கும் மரம் வளர்கிறது. ஏறத்தாழ 60 மீட்டர் வரை உயரக்கூடிய மரம் அது. அதன் உள்மரத்து வெடிப்புகளில் வெண்மையான பளிங்குத் துகள்கள் படிந்திருக்கும். அதுவே முன்னாளில் பச்சைக் கற்பூரம் எனப் போற்றப்பட்டது.

பால்மரத்தைச் சீவினால் பால் வருவது நமக்குத் தெரியும். கற்பூர மரம் அப்படியல்ல. எல்லா மரத்திலும் துகள் இராது. வெட்டிப் பிளந்து பார்த்த பிறகே உண்டா இல்லையா என்று தெரியும். அதனால்தான் அது அருமைப் பொருளாயிற்று.

அதைத் தேடிக் காட்டுக்குள் சென்றவர்கள் யார்? இம்மண்ணின் பூர்வகுடிகளான ஜகூன் மக்கள். காட்டுக்குள் அவர்கள் அன்றாடப் பேச்சைத் தவிர்த்து, கற்பூரத்துக்கென்றே அமைந்த தனி மொழியைப் பேசினார்கள். தவறிப் பேசினால் மரம் கற்பூரத்தை மறைத்துவிடும் என்பது நம்பிக்கை. உப்பைக்கூடப் பொடியாக்காமல் கல்லுப்பாகவே உண்டார்கள். அப்போதுதான் கற்பூரமும் பெரிய துகளாகக் கிடைக்குமாம். லேக், கெல்சால் என்ற இருவர் ஜொகூரின் இம்மொழிச் சொற்களைத் தொகுத்து 1894ஆம் ஆண்டு ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார்கள்.

இதே மரம் கடலுக்கு அப்பால் சுமத்திராவிலும் உண்டு. அங்கே பாருஸ் என்ற துறைமுகம் கற்பூரத்தால் புகழ் பெற்றது. அதன் அருகில் லோபு துவா என்ற இடத்தில் 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று 1873இல் கிடைத்தது. ஐந்நூற்றுவர் என்ற வணிகர் குழுவினர் பொறித்தது அது. அவ்வூரை அது வாரோசு என்கிறது. சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையிலும், கற்பூர வகைகளில் ஒன்றாக இந்த ஊரின் பெயர் வருகிறது. தோட்டங்கள் தோன்றுவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே நம்மவர் இக்கடலில் வாணிகம் செய்திருக்கிறார்கள். வணிகரின் பெயர் கல்லில் நின்றது. காட்டுக்குள் நடந்து கற்பூரம் தேடியவர்களின் பெயரோ எந்தக் கல்லிலும் இல்லை. உழைப்பவர் வரலாறு பல இடங்களிலும் இப்படித்தான்.

இப்போது ஒரு கேள்வி. நாம் ஏற்றும் சூடம் இந்த மரத்துப் பொருளா? இல்லை. சீனம், ஜப்பான், தைவான் நாடுகளில் வளரும் வேறொரு மரத்திலிருந்து அது வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, பைன் மரத்து டர்பன்டைனைக் கொண்டு ஆலைகளிலும் செய்கிறார்கள். இன்று பச்சைக் கற்பூரம் என்ற பெயரில் விற்பதெல்லாம் பழைய மரத்துப் பொருள் என்றும் சொல்ல முடியாது. மலாய், இந்தோனேசிய வழக்கில் அந்துருண்டையையும் 'காப்பூர் பாருஸ்' என்று சொல்வதுண்டு. பெயர் ஒன்று, பொருள் வேறு!

இந்தக் குழப்பம் உயிருக்கே ஆபத்தாகலாம். சூடத்தைக் குழந்தை சிறிதளவு விழுங்கினாலும் சில நிமிடங்களில் வலிப்பு வரக்கூடும். அந்துருண்டையும் நஞ்சுதான். ஜி6பிடி குறைபாடுள்ள பச்சைக் குழந்தைக்கு அதன் வாடை பட்ட துணியே இரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கலாம். ஆகவே தாய்மார்களே, தொட்டில் துணிகளோடு அந்துருண்டையை வைக்காதீர்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மூக்கிலும் மார்பிலும் கற்பூரத் தைலம் தடவாதீர்கள். சூடத்தையும் தைலத்தையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், அந்தப் புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பெரியவர்களுக்குத் தைலத்தின் மணம் மூக்கடைப்பில் இதம் தரும். களைத்த மனத்துக்கு ஆறுதலும் தரும். ஆனால் காய்ச்சலையோ நெஞ்சுச் சளியையோ அது தீர்க்காது. அதற்கு மருத்துவரே வேண்டும்.

எந்த மரம் எந்த மணத்தைத் தந்தது என்று அன்று காட்டுக்குள் சென்றவர்கள் அறிந்திருந்தார்கள். நம் வீட்டு அலமாரியில் இருப்பது எதுவென்று நாமும் அறிந்திருப்போம்.