ஒரே தராசு கேட்ட தாராபாய்

பெண்ணுரிமைச் சிந்தனை மேல்நாட்டு இறக்குமதிச் சரக்கு என்று நம்மவர்கள் பலர் பேசக் கேட்டிருக்கிறேன். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். நாம் பிழைக்க வந்த இந்த மராட்டிய மண்ணின் வரலாற்றைப் படிக்கப் படிக்க அந்த எண்ணம் மாறிவிட்டது.

ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் புனேயில் பெண்களுக்குப் பள்ளி திறந்தது 1848இல். 1873இல் புலே தொடங்கிய சத்தியசோதக் சமாஜத்தில் புல்டாணா ஊர் அரசு அலுவலக குமாஸ்தா ஒருவரும் சேர்ந்தார். அவருடைய மகள்தான் தாராபாய் ஷிண்டே.

1881இல் சூரத்தில் விஜயலட்சுமி என்ற இளம் விதவைக்கு, பெற்ற குழந்தையைக் கொன்ற குற்றத்துக்காகத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது நாடுகடத்தலாகக் குறைந்தது. பத்திரிகைகள் சும்மா இருக்குமா? பெண்குலமே கெட்டுப்போச்சு என்று எழுதின. அந்தக் கோபத்தில் தாராபாய் மராத்தியில் எழுதியதே 'ஸ்திரீ புருஷ துலனா'. 1882இல் புனேயில் அச்சானது. 500 பிரதிகள், விலை ஒன்பது அணா.

துலனா என்றால் ஒப்பிடுதல். நம் துலாக்கோலுக்கும் அதே வேர்தான். மனைவியை இழந்தவன் மறுமணம் செய்யலாம், கணவனை இழந்தவள் மட்டும் ஏன் மூலையில் உட்கார வேண்டும்? பெண்மேல் ஏற்றிச் சொல்லும் குற்றங்கள் ஆணிடம் இல்லையா? சாஸ்திரங்களையும் அவர் விடவில்லை. நம் சமணக் காப்பியமான நீலகேசியிலும் ஒரு பெண் பல சமயத்தாரோடு வாதாடி வெல்கிறாள். ஆனால் அது காப்பியம். இது நடந்த கதை.

நூலுக்கு எதிர்ப்பு வந்தது. 1885இல் புலே அதை ஆதரித்து எழுதினார். ஆயினும் தாராபாய் வேறு நூல் வெளியிடவில்லை. 1975இல் மால்ஷே மறுபதிப்புச் செய்யும்வரை ஊரே அவரை மறந்திருந்தது.

அவர் தனியாள் அல்லர். அதே 1882இல் பண்டித ரமாபாய் புனேயில் ஆரிய மகிளா சமாஜம் கண்டார். 1887இல் ருக்மாபாய், சிறுவயதில் கட்டிவைத்த கணவனோடு வாழ்வதைவிடச் சிறைக்குப் போகவும் தயார் என்று பம்பாயில் உறுதியாக நின்றார். பிற்பாடு டாக்டராகி சூரத்திலேயே பணிபுரிந்தார்.

கடைத் தராசைச் சோதித்து முத்திரை போட அதிகாரி வருகிறார். வீட்டுத் தராசை யார் பார்ப்பது? மகனைக் கல்லூரிக்கு அனுப்பிய நான், மகளைப் பத்தாவதோடு நிறுத்தினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தாராபாயைப் படித்த பிறகுதான் அந்த மௌனம் எனக்கு உறைத்தது.

இங்கே பள்ளியில் மராத்தி படிக்கும் நம் பேத்திகள் இந்நூலை மூலத்திலேயே படிக்கலாம். வாங்கிக் கொடுங்கள். பேரன்களுக்கும்தான்.