கணினிப்பெயர் அறிதல் கோளாறு (லினக்ஸ்)

பிணையத்திலுள்ள லினக்ஸ் கணினி, இன்னொரு கணினியின் பெயரை வைத்து அதன் ஐபி முகவரியைக் கண்டறிய முடியாத நிலை. சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரக் கல்லூரி ஆய்வகங்களில் கேட்கக்கூடிய "ஐபிக்கு பிங் போகுது, பேருக்குப் போகல" என்ற புகார் இதுவே. முகவரியிலிருந்து பதில் வந்தால் கேபிளையும் சுவிட்சையும் விட்டுவிடலாம்; பழுது பெயரைத் தேடும் வழியில் இருக்கிறது.

இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் காலத்தில் எல்லாக் கணினிப் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ், பெயருக்குரிய முகவரியை சர்வர்களிடம் கேட்டறியும் டிஎன்எஸ் முறையை வகுத்த பிறகும் அக்கோப்பின் வாரிசு ஒவ்வொரு லினக்ஸிலும் 'ஹோஸ்ட்ஸ்' என்ற பெயரில் நீடிக்கிறது. அதையும் டிஎன்எஸ்ஸையும் எந்த வரிசையில் பார்ப்பது என்பதை 'என்எஸ்ஸ்விட்ச்' கோப்பு முடிவு செய்கிறது. பெரும்பாலும் ஹோஸ்ட்ஸுக்கே முதலிடம்.

குழப்பம் தொடங்குவது சோதிக்கும் கருவியில்தான். 'டிக்' கட்டளை டிஎன்எஸ் சர்வரை நேரே கேட்கும். ஹோஸ்ட்ஸ் கோப்பை எட்டிக்கூடப் பார்க்காது. அதனால் டிக் சரியான விடை தந்தும் மென்பொருள் தவறான இடத்துக்குப் போவதுண்டு. ஹோஸ்ட்ஸில் யாரோ எப்போதோ எழுதிவைத்த பழைய வரி காரணமாக இருக்கலாம். மென்பொருள்கள் செல்லும் அதே வழியில் சென்று பார்ப்பது 'கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்' கட்டளை. முதலில் இதை ஓட்டி, பிறகு டிக் விடையோடு ஒப்பிடுவதே நல்லது.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் ஊர்ப்புற மாணவர்கள் கைக்கும் வந்தது. அதன் அடிப்படை டெபியன். டெபியன் வகைகளில் கணினியின் சொந்தப் பெயர், ஹோஸ்ட்ஸ் கோப்பில் 127.0.1.1 என்ற முகவரிக்கு எதிரே இருக்கும். ஆய்வகத்தில் ஒரு கணினியை குளோன் செய்து மற்றவற்றில் ஏற்றி, பெயரை மட்டும் மாற்றினால் இந்த வரி பழைய பெயரிலேயே தங்கிவிடும். பிறகு 'சூடோ' அடிக்கும்போதெல்லாம் பெயரை அறிய முடியவில்லை என்ற எச்சரிக்கை வரலாம். வேலை என்னவோ நடந்துவிடும். அதனாலேயே பலர் திருத்துவதில்லை.

இன்டர்நெட் 'ஸ்லோ' என்ற புகாரிலும் பெயர் தேடலுக்குப் பங்குண்டு. எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்பது என்று சொல்லும் 'ரிசால்வ்' கோப்பில் மூன்று சர்வர்கள் வரைதான் கணக்கில் வரும். முதலாவது பதிலளிக்காவிட்டால், இயல்பு அமைப்பில் 5 விநாடி காத்திருந்தபின்தான் அடுத்ததைக் கேட்கும். கோப்பில் 127.0.0.53 என்று இருந்தால் அது பிழையன்று. பெயர் தேடலைக் கவனிக்கும் சிஸ்டம்டி சேவையின் உள்முகவரி. அதை அழிக்காமல் 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' கொடுத்தால் உண்மையான சர்வர் தெரியும். கோப்பைக் கையால் திருத்தினாலும் நெட்வொர்க் மேனேஜர் மேலெழுதிவிடக்கூடும்.

உள்பிணையப் பெயர்களை '.லோக்கல்' என முடிப்பது வேண்டாத வேலை. அது, சர்வர் இல்லாமல் உள்பிணையக் கணினிகளே தமக்குள் பெயர் கேட்டறியும் பலமுனை (மல்ட்டிகாஸ்ட்) டிஎன்எஸ்ஸுக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே பெயர் கிடைக்காவிட்டால் தேடல் வழக்கமான டிஎன்எஸ்ஸுக்குப் போகாமலே நின்றுவிடலாம். உள்பயன்பாட்டுக்கென '.இன்டர்னல்' என்ற ஈற்றை, இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 2024இல் ஒதுக்கியுள்ளது.