வீட்டுத் தோட்டப் பறவைகள்: சேலம், நாமக்கல் சமவெளி

வீட்டைச் சுற்றியுள்ள தோட்டம், கொல்லை, கிணற்றடி, மொட்டை மாடி ஆகிய இடங்களுக்குத் தாமாக வந்துபோகும் உள்நாட்டுக் காட்டுப் பறவைகளைத் தொடர்ந்து கவனித்து, படமெடுத்து, நாளும் நேரமும் குறித்து வைக்கும் பழக்கம் தோட்டப் பறவை நோக்கல் எனப்படும். கூண்டில் வளர்க்கும் பறவைகளும் வீட்டுக் கோழியும் வளர்ப்புப் புறாவும் இதில் சேரா. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளியில் இப்பழக்கத்துக்குத் தொலைநோக்கியும் கேமராவும் இருந்தால் நல்லது. ஆனால் அவற்றுக்கும் முன்பாக வேண்டுபவை ஒரு மண் தட்டில் நீரும், ஊருக்கு உரிய சில மரம் செடிகளும், தினமும் அரைமணி நேரம் அசையாமல் உட்காரும் பொறுமையுமே ஆகும்.

சேலம் நகரை வடக்கே சேர்வராயன் மலையும் நகரமலையும், தெற்கே ஜருகுமலையும், மேற்கே கஞ்சமலையும், கிழக்கே கோதுமலையும் சூழ்ந்துள்ளன. இம்மலைகளுக்கு இடையிலும், தெற்கே கொல்லிமலை அடிவாரம் முதல் காவிரிக்கரை வரையிலும் விரியும் நிலம் இயல்பில் முட்புதர்க்காடு ஆகும். வேம்பு, வேலம், ஊஞ்சை முதலியன நின்ற அந்நிலத்தின் பெரும்பகுதியில் இன்று மரவள்ளி, நிலக்கடலை, சோளம், பருத்தி, தென்னை ஆகியன விளைகின்றன. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பிறகு காவிரிப் பாசனமும் விரிந்தது. கிணறும் வேம்பும் முருங்கையும் கொண்ட பழைய கொல்லை, முட்புதர்க்காட்டின் பறவைகளுக்கும் ஆற்றங்கரைத் தோப்பின் பறவைகளுக்கும் ஒருசேர இடம் தருவதால், சிறிய வீட்டு மனையில்கூட எதிர்பாராத அளவுக்குப் பறவை வகைகள் தென்படுகின்றன.

இப்பகுதியின் பறவைகளை அறிவியல் முறையில் பதிந்த முயற்சிகளுள் முதன்மையானது 1929–30இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் சார்பில், ஆர்தர் வெர்னே என்பவரின் பொருளுதவியால் நடந்த கிழக்குத் தொடர்ச்சி மலை ஆய்வு ஆகும். சேர்வராயன் மலையிலும், அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த சித்தேரி மலையிலும் பறவைகள் சுடப்பட்டுப் பாடம் செய்து சேகரிக்கப்பட்டன. ஹியூ விஸ்லரும் கின்னியரும் அவற்றை ஆராய்ந்து கழகத்தின் ஆய்விதழில் எழுதினர். அக்காலத்தில் ஓர் இனம் ஓர் இடத்தில் இருந்தது என்பதற்குத் தோலும் இறகுமே சான்றாகக் கொள்ளப்பட்டன. இன்று நாளும் இடமும் குறித்த தெளிவான ஒரு புகைப்படம், பறவைக்கு எத்தீங்கும் நேராமல், அதே பணியைச் செய்கிறது.

ஆண்டு முழுவதும் காணத்தக்க பறவைகளுள் தவிட்டுக்குருவி என்றும் வெண்தலைச் சிலம்பன் என்றும் அறியப்படும் பறவையை முதலில் குறிப்பிடலாம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இது, ஆறேழு பறவைகள் கொண்ட கூட்டமாகச் சருகைப் புரட்டிப் புழு பூச்சி தேடும். கூட்டத்தில் ஒன்று கிளை மேல் அமர்ந்து காவல் பார்க்க, வல்லூறு தலைகாட்டியதும் அது எழுப்பும் குரலைக் கேட்டு மற்றவை புதருக்குள் மறையும். ஒரு கூட்டில் உள்ள குஞ்சுகளுக்குக் கூட்டத்தின் பிற உறுப்பினர்களும் இரை ஊட்டும். அக்காக்குயிலும் சுடலைக்குயிலும் இப்பறவையின் கூட்டில் முட்டையிட்டுவிடுவதால், தன்னைவிடப் பெரிதாக வளர்ந்த அயல் குஞ்சுக்குச் சிலம்பன் இரை ஊட்டும் காட்சியையும் காண முடியும். குயில் காகத்தின் கூட்டைப் பயன்படுத்துவது ஊரறிந்த செய்தி. கொண்டைக்குருவி, மைனா, புள்ளிப்புறா, கரிச்சான், செம்போத்து, வால்காக்கை ஆகியவற்றை நாளும் காணலாம். கிணற்று மண்சுவரில் வளை தோண்டிக் கூடமைக்கும் வெண்மார்பு மீன்கொத்தி, பெயருக்கு மாறாக, தோட்டத்தில் ஓணானையும் வெட்டுக்கிளியையுமே பெரிதும் பிடிக்கிறது. செம்மார்புக் குக்குறுவான் முருங்கையின் பட்டுப்போன மென்கிளையைக் குடைந்து கூடு அமைப்பதால், காய்ந்த கிளை என்று எல்லாவற்றையும் வெட்டிச் சீர்செய்யும் பழக்கம் அதற்குக் கேடாக முடிகிறது.

தேன்சிட்டுகள் தனியாகச் சொல்லத் தக்கவை. இச்சமவெளியின் தோட்டங்களில் ஊதாப்பிட்டத் தேன்சிட்டு, ஊதாத் தேன்சிட்டு, லோட்டன் தேன்சிட்டு ஆகிய மூன்றும் வருகின்றன. முதலாவதன் ஆண் மார்பின் கீழ் மஞ்சளாக இருக்கும்; மற்ற இரண்டின் ஆண்களும் இனப்பெருக்கக் காலத்தில் கருநீலமாக மின்னுவதால், நீண்டு நன்கு வளைந்த அலகைக் கொண்டே லோட்டன் தேன்சிட்டைப் பிரித்தறிய வேண்டும். ஊதாத் தேன்சிட்டின் ஆண் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் மினுமினுப்பை இழந்து, தொண்டை முதல் வயிறு வரை ஒரு கருங்கோடு மட்டும் எஞ்ச, பெண்ணைப் போலத் தோன்றும். தொடக்கநிலையினர் அதை வேறு இனம் எனக் கருதுவதுண்டு. ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் பெண், சிலந்தி நூலால் நாரையும் சருகையும் பிணைத்துப் பை போன்ற கூட்டைக் கொடியிலோ துணி காயப்போடும் கம்பியிலோ தொங்கவிட்டு, வெளிப்புறத்தில் மரப்பட்டைத் துணுக்குகளையும் புழு எச்சத்தையும் ஒட்டிவைக்கும். காற்றில் ஆடும் குப்பையாகத் தெரியும் அக்கூட்டை அறியாமல் துடைப்பத்தால் நீக்கிவிடுவோர் பலர். செம்பருத்தி, மாதுளை, முருங்கை, வெட்சி ஆகியவற்றின் பூக்கள் தேன்சிட்டுகளை ஈர்க்கும். பரமத்தி வேலூர், மோகனூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்களில் கொடி படரவிடும் அகத்தியின் பெரிய பூவும் அவ்வாறே. நிறுத்திய டூவீலரின் கண்ணாடியில் தன் உருவைப் போட்டிப் பறவையாக எண்ணி ஆண் சிட்டு மணிக்கணக்கில் கொத்திச் சோர்வதைத் தடுக்க, கண்ணாடி மேல் ஒரு துணிப்பையை மாட்டினால் போதும்.

மாமரத்தில் புல்லுருவி படர்ந்திருந்தால் அதை முழுதும் அழித்துவிடாமல் ஒரு கொத்தையேனும் விட்டுவைப்பது பறவை நோக்குவோர்க்குப் பயன் தரும். எட்டு சென்டிமீட்டர் நீளமே உள்ள பூங்கொத்தி அதன் பழத்தை விழுங்கி, பசை சூழ்ந்த விதையை விரைவில் கழிக்கிறது. உடலில் ஒட்டிக்கொள்ளும் விதையை நீக்கப் பின்புறத்தைக் கிளையில் தேய்க்கும்போது விதை அங்கேயே ஒட்டி முளைக்கிறது. புல்லுருவியின் பூவில் தேன் உண்டு மகரந்தம் பரப்புவதும், பழம் உண்டு விதை பரப்புவதும் சின்னஞ்சிறு பறவைகளே என்பதை ஒரு காலைப்பொழுதிலேயே இவ்வாறு நேரில் அறியலாம். கறிவேப்பிலையும் சந்தனமும் கொல்லைகளில் தாமாக முளைப்பதும் குயில், கொண்டைக்குருவி ஆகியவற்றின் வேலையே.

ஐப்பசி முதல் பங்குனி வரை வலசை வரும் பறவைகளும் தோட்டத்தில் சேர்கின்றன. வலசை என்பது பருவத்துக்கேற்ப இனப்பெருக்க இடத்துக்கும் குளிர்கால இடத்துக்கும் இடையே பறவைகள் மேற்கொள்ளும் பயணம் ஆகும். செம்பருத்தி வேலிக்குள் மறைந்து ஒற்றைச் சொடுக்கொலி எழுப்பும் பழுப்புநிறப் பறவை, சைபீரியாவிலோ மத்திய ஆசியாவிலோ முட்டையிட்டு வந்த பிளைத் நாணல் கதிர்க்குருவியாக இருக்கலாம். மாங்குயிலும் அரசவால் ஈப்பிடிப்பானும் தோப்பை ஒட்டிய வீடுகளுக்கு வரும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் இனம்பெருக்கும் ஆறுமணிக்குருவி, அக்டோபர், நவம்பர் மாதங்களில் இரவுப் பயணத்தில் களைத்து வீட்டு வராந்தாவிலோ மாடிப்படியிலோ இறங்கிவிடுவதுண்டு. அவ்வாறு வந்த பறவையைக் காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டில் சில மணி நேரம் அமைதியாக வைத்து, தெம்பு பெற்றதும் மரம் சூழ்ந்த இடத்தில் விடுவதே முறை. காயம்பட்டிருந்தால் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு உண்ணுவதும், சிட்டுக்குருவிக்கு நெற்கதிர்க் கொத்தை வாசலில் தொங்கவிடுவதும் இங்குள்ள பழைய வழக்கங்கள். ஆனால் தட்டில் இடும் தானியத்துக்குப் புறாவும் காகமும் மைனாவுமே பெருகி வரும்; தையல்சிட்டு, ஈப்பிடிப்பான், மாம்பழச்சிட்டு முதலியவை பூச்சி உண்பவை ஆதலால் தானியத் தட்டு அவற்றுக்கு ஒன்றும் தராது. சிட்டுக்குருவியும் தன் குஞ்சுக்குப் பூச்சியையே ஊட்டுகிறது. பூச்சிக்கொல்லி தெளிக்காத செடிகளே இவற்றுக்கு உண்மையான தீனி. சித்திரை, வைகாசி வெயிலில் குட்டைகள் வற்றும்போது தண்ணீர்த் தட்டு, தானியத் தட்டைவிடப் பல மடங்கு வகையான பறவைகளைக் கொண்டுவரும். விளிம்பில் இரண்டு விரற்கடை ஆழமே உள்ள அகன்ற மண் தட்டை, நடுவில் ஒரு கல் வைத்து, பூனை பதுங்க முடியாதபடி புதரிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். கொசு முட்டை வளர்ந்து பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் ஆவதால், நீரை நாள்தோறும் மாற்றி, வாரம் இருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவினால் கொசுத் தொல்லை வராது. முட்டைக்கோழிப் பண்ணைகள் நிறைந்த நாமக்கல் பகுதியில் தூய்மை இரட்டிப்பு முக்கியமானது: பண்ணைக்கு அருகில் காட்டுப் பறவைகளைத் தீனியிட்டுக் கூட்டுவது இரு பக்கத்துக்கும் நோய் பரவ வழிவகுக்கும், பல பறவைகள் ஒரே இடத்தில் இறந்து கிடந்தால் கையால் தொடாமல் கால்நடைப் பராமரிப்புத் துறைக்குச் சொல்ல வேண்டும்.

படமெடுப்பதற்கு, தண்ணீர்த் தட்டுக்கு ஐந்தாறு மீட்டர் தொலைவில் உள்ள சன்னலே சிறந்த மறைவிடம். உள்ளே விளக்கை அணைத்து, கொசுவலையிலோ திரையிலோ சிறு திறப்பு விட்டு, 300 அல்லது 400 மில்லிமீட்டர் லென்ஸைத் தட்டின் மட்டத்துக்குத் தாழ்த்திக் குறிவைக்க வேண்டும். பறவையின் கண் மட்டத்தில் எடுத்த படமே அதன் முகத்தைக் காட்டும். தட்டருகே ஊன்றிய ஒரு காய்ந்த குச்சியில் பறவைகள் இறங்குமுன் அமர்ந்து பார்ப்பதால், அக்குச்சியின் மீது முன்கூட்டியே குவியம் வைத்துக் காத்திருக்கலாம். அமர்ந்த சிறு பறவைக்கு ஷட்டர் வேகம், அதாவது கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம், ஒரு நொடியில் ஐந்நூற்றில் ஒரு பங்கு போதும். பூவின் முன் சிறகடித்து நிற்கும் தேன்சிட்டுக்கு இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைய வேண்டும். வானத்தைப் பின்னணியாகக் கொண்ட கரிச்சானும் ஆண் குயிலும் வெறும் கறுப்பு உருவமாகப் பதியாதிருக்க, ஒளியளவைக் கேமரா காட்டுவதற்கு மேல் ஒரு படி கூட்ட வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன்னான காலை ஒளியே ஏற்றது. செல்பேசியிலும் நல்ல சான்றுப்படம் கிடைக்கும். கதிர்க்குருவி போன்ற ஐயத்துக்குரிய பறவைகளுக்கு அலகு, கண்புருவக் கோடு, சிறகு நுனி ஆகியன தெரியும் பல படங்களும் குரல் பதிவும் ஓர் அழகிய படத்தைவிடப் பயனுடையவை.

கூட்டருகே படமெடுப்பது இப்பழக்கத்தின் பெருங்குறை. தையல்சிட்டு இரண்டு மூன்று இலைகளின் விளிம்பில் துளையிட்டு, பஞ்சையும் சிலந்தி நூலையும் கோத்துத் தைத்த கூட்டைத் தெளிவாகக் காட்டுவதற்காக மறைக்கும் இலையை ஒதுக்கினால், வெயிலும் காகமும் வால்காக்கையும் உள்ளே புகும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாக்கப்பட்ட பறவைகளின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதையும் வேட்டையாடுதல் என்னும் சொல்லுக்குள் அடக்குகிறது. பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும், இரவில் புள்ளி ஆந்தையின் கண்ணில் ஃபிளாஷ் அடிப்பதும் தவிர்க்கத் தக்கவை. காட்டுயிர்ப் புகைப்படக் கலைஞரும் எழுத்தாளருமான மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டைப் போலவே சென்னையில் தம் வீட்டைச் சுற்றிய காகத்தையும் அணிலையும் கூர்ந்து நோக்கி எழுதியவர். அவரது கறுப்பு வெள்ளைப் படங்களில் விலங்கு தன் இயல்பில் இருப்பதே அவற்றின் மதிப்பு.

பதிவுகளைத் தொகுக்க இன்று வழிகள் பல உள்ளன. கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002இல் தொடங்கிய இ-பேர்ட் தளத்தில் எவரும் பட்டியல் இடலாம். அவ்விரு அமைப்புகளும் 1998இல் தொடங்கிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பில் இந்தியா 2013 முதல் பங்கேற்கிறது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை என்னும் அறிக்கை, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை நோக்குவோர் அனுப்பிய பதிவுகளைக் கொண்டு எழுதப்பட்டது. சேலம் பறவையியல் கழகம் போன்ற உள்ளூர் அமைப்புகளும் மாவட்டப் பறவைகளைப் பதிந்து வருகின்றன. அரிய பறவையைக் கண்ட நாளை மட்டும் குறிப்பது முழுமையான பதிவு ஆகாது; காகம், மைனா உட்பட, பதினைந்து நிமிடத்தில் கண்டவை அனைத்தையும் எண்ணிக்கையோடு எழுதி, அதே இடத்தில் ஆண்டு முழுவதும் தொடர்ந்தால்தான் எந்தப் பறவை கூடுகிறது, எது குறைகிறது என்பது தெரியவரும்.