கனத்த வில்லையும் சிறிய வட்டமும்

பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் நம் வீடுகள் சிலவற்றில் நடக்கும் முதற்காரியம், மணமகளாகப் போகிறவளின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அலமாரிக்குள் வைப்பது. எதிரே அமர்ந்திருப்பவர் முகம் புகையாகத் தெரிய, அவள் நிலத்தை நோக்கியபடி அமர்ந்திருப்பாள். அதனை நாணம் என்று வந்தவர்கள் எண்ணிக் கொள்வர். "சோடாபுட்டி" என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சி, பள்ளிப் பருவத்திலேயே கண்ணாடியைப் பைக்குள் மறைத்து, கரும்பலகையைக் காணாமலே கல்வியைக் கைவிட்ட பிள்ளைகளையும் நாம் அறிவோம். மெல்லிய கண்ணாடி அணிபவருக்கு இத்துன்பம் இல்லை. பவர் மிகுந்த கண்ணாடி அணிபவருக்கே இது. அவர்கள் தமக்குரிய கண்ணாடியைத் தேர்ந்து கொள்வது எவ்வாறு என்ற கேள்விக்கு, அந்தக் கண்ணாடி நடந்து வந்த வழியைப் பார்த்தால் விடை கிடைக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மூக்குக் கண்ணாடியைக் கண்டுபிடித்தவர் இப்னுல் ஹைதம் என்று நம் மேடைகளில் முழங்குவதுண்டு. அது சரியன்று; அப்பெரியாருக்கு அந்தப் பொய்ப்பெருமை தேவையுமில்லை. கி.பி. 965 அளவில் பஸராவில் பிறந்து 1040 அளவில் கெய்ரோவில் மறைந்த அவர், 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஏழு பாகங்கள் கொண்ட நூலை இயற்றினார். கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுச் சென்று பொருளைத் தீண்டுகிறது என்று யவன அறிஞர் பலர் கூறி வந்ததை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுட் புகுந்து காட்சியாகிறது என்று நிறுவினார். வளைந்த பரப்புகளில் ஒளி முறிவதையும் ஆராய்ந்தார். ஆனால் ஒரு வில்லையைத் தேய்த்து மூக்கின் மேல் வைத்ததாக அவர் எழுதவில்லை. அவருடைய நூல் இலத்தீனில் பெயர்க்கப்பெற்று ஐரோப்பிய மடங்களில் ஓதப்பட்டது. கண்ணாடி செய்த கைகள் இத்தாலியில் இருந்தன.

1306-ஆம் ஆண்டில் பிளாரன்ஸ் நகரில் மதபோதகர் ஒருவர், கண்ணாடி செய்யும் கலை தோன்றி இன்னும் இருபது ஆண்டு நிரம்பவில்லை என்று தம் உரையில் கூறினார். அன்று செய்யப்பட்டவை வெள்ளெழுத்து வந்த முதியோருக்கான குவிந்த வில்லைகள். கிட்டப்பார்வை உடையாருக்கு வேண்டிய குழிந்த வில்லை வருவதற்கு மேலும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1462-இல் மிலான் கோமகன் பிளாரன்ஸிலிருந்து மூன்று டஜன் கண்ணாடிகளை வரவழைத்தபோது, தொலைவு காண்பதற்கென இளைஞருக்கு ஒரு டஜன், கிட்டத்தில் காண்பதற்கென முதியோருக்கு ஒரு டஜன் என்று பிரித்துக் கேட்டிருக்கிறார். ஆளுக்கு அளவெடுப்பது என்பதே இல்லை. கூடையில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டி, எது தெளிகிறதோ அதுவே தேர்வு.

அக்கருவி கிழக்கே வரவும் அதிக காலம் பிடிக்கவில்லை. ஹிஜ்ரி 898-இல், அதாவது 1492-இல், ஹிராத்தில் மறைந்த பெருங்கவிஞர் ஜாமி, தம் முதுமையில் பரங்கிக் கண்ணாடி இன்றிப் படிக்க இயலாமையைத் தம் 'ஸலாமான் வ அப்ஸால்' காவியத்தில் குறித்துள்ளார். பதினாறாம் நூற்றாண்டில் முகலாய அவையின் ஓவியர் மீர் ஸையித் அலீ, ஓவியரான தம் தந்தை மீர் முஸவ்விரைக் கண்ணாடி அணிந்த முதியவராகத் தீட்டினார். பாரசீகத்தின் ரிஸா அப்பாஸியை அவருடைய மாணவர் முயீன் தீட்டிய படம் 1635-இல் தொடங்கி 1673-இல் முடிந்தது. அதிலும் ஆசிரியர் மூக்கில் கண்ணாடியோடே தூரிகை பிடித்திருக்கிறார். தந்தையை வரைந்த மகனும், ஆசிரியரை வரைந்த மாணவரும் கண்ணாடியைக் கழற்றச் சொல்லவில்லை என்பது நம் நெஞ்சைத் தொடுகிறது.

அப்படங்களில் இன்னொன்றையும் கவனிக்கலாம். வில்லைகள் சிறியவை, வட்டமானவை. கிண்ணம் போன்ற அச்சில் சுழற்றித் தேய்த்ததால் அவை வட்டமாயின. அவ்வடிவம் பவர் மிகுந்த கண்ணுக்கு எத்துணைப் பொருத்தம் என்பது பின்னரே கணக்காகத் தெரிந்தது.

குழிந்த வில்லை ஏன் உதவுகிறது என்பதை 1604-இல் கெப்ளர் விளக்கினார். 1623-இல் செவில் நகரத்து தாஸா தெ வால்தெஸ், வில்லைகளுக்குப் படித்தரம் வகுத்து, இன்னாருக்கு இன்ன தரம் என்று கண்டறியும் வழியை ஸ்பானிய மொழியில் நூலாக்கினார். ஆயினும் தெரு வணிகரின் கூடை மறையவில்லை. 1862-இல் ஸ்னெல்லனின் எழுத்துப் பலகையும், 1864-இல் டாண்டர்ஸின் பெருநூலும் வந்த பிறகே கண் சோதனை மருத்துவமாயிற்று. 1872-இல் மோனுவாயே 'டையாப்டர்' என்ற அலகை முன்மொழிந்தார். இன்று சீட்டில் மைனஸ் 10 என்று எழுதியிருந்தால், கண்ணாடியின்றி அக்கண் தெளிவாகக் காணும் எல்லை பத்து சென்டிமீட்டர் என்பது பொருள். ஓர் எழுத்தைக் காணக் கிதாபை மூக்கருகே கொண்டு வர வேண்டியவர் அவர்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். குழிந்த வில்லையின் நடு மெல்லியது, ஓரம் தடித்தது. நடுவிலிருந்து ஓரத்துக்குள்ள தூரம் இரு மடங்கானால் கனம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். சட்டத்தின் காதுக்கம்பி உட்புறத்தில் 54, 18 என்பன போன்ற எண்கள் பொறித்திருக்கும். முதலாவது வில்லையின் அகலம். அடுத்தது மூக்குப் பாலம். இரண்டையும் கூட்டினால் 72 மில்லிமீட்டர். அணிபவரின் இரு கருவிழிகளுக்கிடையே 62 தான் என்றால், ஒவ்வொரு வில்லையின் நடுவும் ஐந்து மில்லிமீட்டர் மூக்குப் பக்கம் தள்ளி அமைய வேண்டும். வெளியோரம் நடுவிலிருந்து 32 மில்லிமீட்டர் விலகி நிற்கும். மைனஸ் 10 பவருக்குச் சாதாரண பிளாஸ்டிக் வில்லையில் அவ்வோரம், நடுக்கனம் நீங்கலாக, சுமார் 10 மில்லிமீட்டர் தடிக்கும். அதே வில்லையை 44, 18 என்ற சட்டத்தில் பொருத்தினால் கூட்டுத்தொகை 62, தள்ளவே வேண்டியதில்லை, ஓரம் சுமார் 5 மில்லிமீட்டர்தான். விலை பல மடங்கான 1.74 குறியெண் வில்லையை வாங்கிப் பெரிய சட்டத்தில் பொருத்தினாலும் சுமார் 7 மில்லிமீட்டர் வருகிறது! மலிவான வில்லை சிறிய வட்டத்தில் வெல்கிறது; அகன்ற சட்டமோ கைப்பொருளை வாங்கிக் கொண்டும் கனத்தைத் தருகிறது. மேலும் குறியெண் உயர்ந்த வில்லைகளில் ஓரப்பார்வையில் வண்ண விளிம்பு தோன்றுவதுண்டு. வசதியுள்ளவர் சிறிய சட்டத்தில் அவற்றைப் பொருத்திக் கொள்வதில் தவறில்லை. முகம் அகன்றவர் வில்லையைப் பெருக்காமல் பாலம் அகன்ற சட்டத்தைத் தேடட்டும். சற்றுத் தடித்த பிளாஸ்டிக் விளிம்பு ஓரத்தை மறைக்கும். விளிம்பில்லாச் சட்டம் இவர்களுக்கு ஆகாது.

பிளஸ் பவர் மிகுந்த கண்ணாடிக்குத் தனி வரலாறு உண்டு. கண்புரை நீக்கியதும் கண்ணுக்குள் வில்லை இராது. அதற்கு ஈடாக பிளஸ் 10 அளவில் தடித்த கண்ணாடி அணிந்தனர் நம் பாட்டனார்கள். உலகம் ஏறத்தாழக் கால் பங்கு பெரிதாகத் தெரியும். பக்கவாட்டில் வளையம் போல் ஒரு குருட்டுப் பகுதி இருக்கும். அதிலிருந்து ஆளோ வண்டியோ திடீரெனக் குதித்து வரும். ஒரு கண்ணில் மட்டும் அறுவை செய்தவருக்கு இரு கண்ணும் இணங்கா. 1949-இல் இலண்டனில் ரிட்லி கண்ணுக்குள்ளேயே வில்லை பொருத்தினார். 1976-இல் பதினொரு படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-இல் ஆரோலேப் வழியாக அவ்வில்லையை இங்கேயே குறைந்த விலையில் செய்யத் தொடங்கிற்று. அத்தடித்த கண்ணாடி நம் திண்ணைகளிலிருந்து மெல்ல மறைந்தது.

அப்பெரியவர்கள் கிதாபு ஓதும்போது கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக் கொள்வார்கள். அது வெறும் பழக்கமன்று. பிளஸ் வில்லை கண்ணை விட்டு விலகினால் பலம் கூடும். அண்மை எழுத்து தெளியும். மைனஸ் வில்லையோ விலகினால் பலம் குன்றும். நான்கு மில்லிமீட்டர் நழுவினாலே மைனஸ் 10 ஏறத்தாழ மைனஸ் 9.6 ஆகிவிடும். ஆதலின் பவர் மிகுந்தவருக்குக் கண்ணுக்கும் வில்லைக்கும் உள்ள தூரத்தையும் அளந்து சீட்டில் குறிக்க வேண்டும். கடைக்காரர் கேட்காவிடில் நாமே கேட்க வேண்டும். மைனஸ் 6-ஐக் கடந்தவர், கண்ணில் மின்னல் தெறித்தாலோ திரை விழுந்தாலோ கடைக்குச் செல்லாமல் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். விழித்திரை விலகும் அபாயத்தைக் கண்ணாடி தடுப்பதில்லை.

சட்டம் வாங்கும்போது எல்லோரும் கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று முகத்தைப் பார்க்கிறார்கள். நாளொன்றுக்குப் பல முறை நெற்றியை நிலத்தில் வைப்பவருக்கு அது போதாது. மூக்குத் தாங்கிகளை வளைத்துச் சரிசெய்யத்தக்க சட்டமாக எடுத்து, காதுக்குப் பின் வளைவை இறுக்கச் சொல்லி, கடையிலேயே ஒருமுறை சுஜூது செய்பவரைப் போல் நன்றாகக் குனிந்து பார்க்க வேண்டும். நழுவினால் மீண்டும் இறுக்கச் சொல்லலாம். அதற்கு அவர்கள் காசு கேட்பதில்லை.