லேசர் அணுக்கரு இணைவு: எரிபொருளே பிரிஞ்சு போனா என்ன ஆகும்? மணவாளக்குறிச்சி மணலை வச்சு ஒரு விளக்கம்

மணவாளக்குறிச்சி கடற்கரையில நடந்தவங்க பார்த்திருப்பீங்க. அலை வந்து போன இடத்துல கறுப்பு மணல் வரிவரியா தனியா கிடக்கும். கனமான இல்மனைட், மோனசைட் துகள்கள் கரையில் தங்கிவிட, லேசான மணலை அலை இழுத்துட்டுப் போயிடும். தள்ளுற அலை ஒண்ணுதான், ஓட்டம் மட்டும் எடைக்கு ஏத்த மாதிரி.

லேசர் அணுக்கரு இணைவு ஆய்விலும் இதே மாதிரி ஒரு பிரிவினைதான் சிக்கல்.

2022 டிசம்பர் 5-ம் தேதி, அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 192 லேசர் கதிர்கள் மூலம் மிளகு அளவு உருண்டை ஒன்று நசுக்கப்பட்டது. செலுத்திய லேசர் ஆற்றல் 2.05 மெகாஜூல், கிடைத்தது 3.15 மெகாஜூல். (லேசரை இயக்க ஆன மின்சாரம் சுமார் 300 மெகாஜூல். அது தனிக் கதை!)

உருண்டைக்குள் இருப்பது டியூட்டீரியம், டிரிட்டியம். கடும் வெப்பத்தில் இரண்டும் பிளாஸ்மா ஆகிவிடும். பல கணினி மாதிரிகள் இந்தக் கலவையை 'சராசரி அயனி' கொண்ட ஒரே திரவமாகத்தான் கணக்கிடுகின்றன. ஆனா ஒண்ணோட எடை 2, இன்னொண்ணோட எடை 3. அதிர்வலை பாயும்போது கனமான அயனி முதலில் அதிகம் சூடாகும், லேசானது முந்திக்கொண்டு ஓடும். ஜோடி சேர வேண்டியவங்க ஆளுக்கொரு பக்கம் போனா இணைவு எப்படி நடக்கும்?

இது வெறும் சந்தேகம் இல்ல. ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் 60 கதிர் ஒமேகா லேசரில் டியூட்டீரியத்தையும் ஹீலியம்-3-ஐயும் சமமா கலந்து நசுக்கினப்போ, எதிர்பார்த்ததில் பாதி அளவு இணைவுதான் நடந்தது. 2006-ல் இந்த முடிவு வெளியானது. அயனிகள் பிரிவதும், ஒவ்வொன்றும் வேறு வெப்பநிலையில் இருப்பதும் பிறகு நடந்த சோதனைகளில் தெரிய வந்தது.

அப்போ எல்லா சோதனையிலும் இது வில்லனா? இல்லை. வாயு மெலிசா இருந்தா அயனிகள் மோதாமல் வெகுதூரம் ஓடும், பிரிவும் அதிகம். அடர்த்தி கூடினால் அடிக்கடி மோதிக்கொள்ளும், பிரிய வழியிருக்காது. 2022-ல் நசுக்கிய உருண்டை இந்த இரண்டாவது ரகம். அங்கே உருண்டையின் ஓட்டில் இருக்கும் நுண்ணிய குறைகள்தான் பெரிய தலைவலி.

ஒரு விஷயம், குழப்பிக்க வேண்டாம். நம்ம மோனசைட்டில் இருக்கும் தோரியம் அணுக்கருப் பிளவு வழி மின்சாரத்துக்கானது. இது இணைவு. இந்தியாவில் இணைவு ஆய்வை காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் காந்தப்புலம் வழியாகச் செய்கிறது. லேசர்-பிளாஸ்மா ஆய்வு இந்தூர் ராஜா ராமண்ணா மையத்தில் நடக்கிறது.