கல்லூரிக்கு முந்திய கை

ஓவியர்களைப் பற்றித் தமிழில் எழுதப்படும் வாழ்க்கைக் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. முதல் வரியில் பிறந்த ஊரும் ஆண்டும். இரண்டாவது வரியில் ‘சிறு வயதிலிருந்தே ஓவியத்தில் ஈடுபாடு’. மூன்றாவது வரியில் சென்னை ஓவியக் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு. இரண்டாவது வரிக்கும் மூன்றாவது வரிக்கும் நடுவே பத்துப் பதினைந்து வருஷம் கிடக்கிறது. அந்த வருஷங்களில் கை எங்கே பழகியது, எதைப் பார்த்துப் பழகியது, யார் இடம் கொடுத்தார்கள், யார் தடுத்தார்கள் என்கிற கேள்விகளையெல்லாம் ‘ஈடுபாடு’ என்ற ஒற்றைச் சொல் விழுங்கிவிடுகிறது. கொஞ்சம் நின்னு யோசிச்சா இந்த விழுங்கல் அப்பாவித்தனமானதல்ல என்று தெரியும். ஒருவரின் கலை எந்த இடத்தில் தொடங்குகிறது என்று தீர்மானிக்கிற அதிகாரம் இதற்குள் ஒளிந்திருக்கிறது.

இதைப் பற்றி யோசிக்க முட்டுக்காடு தோதான இடம். சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் மூன்று வளாகங்கள் இருக்கின்றன. வடக்கே ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமம். தெற்கே மாமல்லபுரத்தில் 1957இல் சிற்பப் பயிற்சிக்கூடமாகத் தொடங்கி, இன்று அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாக இருப்பது. நடுவே, முட்டுக்காட்டில், 1996 டிசம்பரில் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா. முதலாவது ஓவியருக்கு, அடுத்தது ஸ்தபதிக்கு, மூன்றாவது கைவினைஞருக்கு. ஒரே சாலைதான். ஆனால் மூன்று பேருக்கும் மூன்று வாசல். இந்தப் பாகப்பிரிவினை எப்போது நடந்தது?

சென்னையில் 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலேயே அதன் விதை இருக்கிறது. கலைக்கு ஒரு பிரிவு, தொழிலுக்கு ஒரு பிரிவு என்று ஆரம்பமான அந்தப் பள்ளியை 1850களின் நடுவில் அரசு எடுத்துக்கொண்டது. காலனிய கலைப் பள்ளிகளின் பாடத்திட்டம் லண்டன் சவுத் கென்சிங்டனிலிருந்து வந்தது. கோட்டுருவத்தைப் பார்த்துப் போடுதல், பாரிஸ் சாந்து வார்ப்புகளைப் பார்த்து நிழல் தீட்டுதல், தூரக்காட்சி விதிகள். தச்சர், கம்மியர் வீட்டுப் பிள்ளை அங்கே வந்தபோது, அவன் ஏற்கெனவே கற்றது கல்வியாக எண்ணப்படவில்லை. அது ‘பரம்பரைத் தொழில்’. கல்வி என்பது வார்ப்பின் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் தொடங்கியது. 1929இல் முதல் இந்தியத் தலைவராக தேவிபிரசாத் ராய் சௌத்ரி வந்தபின் நுண்கலையின் பக்கம் தராசு சாய்ந்தது. கலைஞன் என்ற தனிமனிதன் அங்கே உருவானான். அவனுக்கு ஒரு தொடக்கம் தேவைப்பட்டது. ‘பிறவித் திறமை’ என்ற கதை அதற்குப் பயன்பட்டது.

அந்தக் கதைக்குள் அடங்காத மூன்று பேரைப் பார்க்கலாம்.

கே.சி.எஸ். பணிக்கர் 1911இல் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் வண்ணம் தொட்டதாகச் சொல்கிறார்கள். பொன்னானிக்குப் பக்கத்திலுள்ள வெளியங்கோட்டின் கால்வாய், தென்னை, படகுகள் அவருடைய ஆரம்பகால நிலக்காட்சிகளில் வருகின்றன. ஆனால் கலைப் பள்ளியில் அவர் சேர்ந்தது 1936இல், இருபத்தைந்து வயதில். நடுவே படிப்பை விட்டுத் தந்தி இலாகாவில் வேலை பார்த்திருக்கிறார். குடும்பச் சுமை தின்ற வருஷங்கள் அவை. அவற்றை ‘தாமதம்’ என்று வாசிப்பதுதான் வழக்கம். நான் அப்படி வாசிக்கத் தயாராக இல்லை. 1963இல், ஐம்பது வயது தாண்டியபின், ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையை அவர் தொடங்குகிறார். ஜாதகக் கட்டங்களைப் போல, ஏட்டுச்சுவடியைப் போல, படிக்க முடியாத எழுத்துகளால் நிரம்பிய பரப்புகள். வான்கோவையும் ஐரோப்பிய நவீனத்தையும் கடந்து அவர் வந்து சேர்ந்த இடம், எந்தக் கலைப் பள்ளியும் கற்றுத்தராத காட்சி மொழி. கல்லூரிக்கு முந்திய உலகம் முப்பது வருஷம் கழித்துத் தன் பாக்கியைக் கேட்டு வந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

கே.எம். ஆதிமூலத்தைச் சிறுபத்திரிகை வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அட்டைகளாகவும் தலைப்பெழுத்துகளாகவும் அவருடைய கோடு நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. துறையூர்ப் பக்கம் கீழக்குறிச்சியில் 1938இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1959இல் சென்னைக்கு வருகிறார். சிற்பி எஸ். தனபாலின் அரவணைப்பில் கல்லூரிக்குள் நுழைந்து 1966இல் படிப்பை முடிக்கிறார். 1969இல், காந்தி நூற்றாண்டில், அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்கள் பேசப்பட்டன. அவருடைய அரசர் வரிசையைப் பாருங்கள். சிதைந்த கிரீடமும் வீங்கிய தோளுமாக நிற்கும் அந்த ராஜாக்கள் எந்த ஐரோப்பிய ஆல்பத்திலிருந்தும் இறங்கி வந்தவர்களல்ல. கூத்து மேடையில் கட்டைக் கிரீடம் வைத்து இரவெல்லாம் ஆடி, விடியற்காலையில் வேஷம் கலைத்துப் பீடி பத்தவைக்கிற ராஜாக்களின் உறவுக்காரர்கள். கிராமத்துப் பையன் பார்த்த அதிகாரம் அது. கல்லூரி அவருக்குப் பேனாவையும் மையையும் தந்திருக்கலாம். ராஜாவைத் தந்தது ஊர்.

மூன்றாவது டி.கே. பத்மினி. 1940இல் பொன்னானிப் பகுதியில், அதாவது பணிக்கர் வளர்ந்த அதே நிலத்தில் பிறந்தவர். ஆனால் ஆணுக்குக் கிடைத்த கால்வாயோரம் பெண்ணுக்குக் கிடைப்பதில்லை. மாமாவின் ஆதரவும் ஓவியர் நம்பூதிரியின் பயிற்சியும் சேர்ந்துதான் அவரை 1960களின் தொடக்கத்தில் சென்னைக் கல்லூரிவரை கொண்டுவந்தன. 1969இல், இருபத்தொன்பதை நெருங்கிய வயதில், பிரசவத்தில் இறந்துபோனார். பணிக்கர் இருபத்தைந்தில் தொடங்க முடிந்தது. பத்மினிக்கு அந்தக் கணக்கில் நான்கு வருஷம்தான் மிச்சமிருந்திருக்கும். ‘ஈடுபாடு’ என்ற சொல் இருவருக்கும் பொது. காலம் பொதுவல்ல.

சோழமண்டலம் உருவான அதே 1966இல் பியர் பூர்தியுவும் அலன் தார்பெலும் ஐரோப்பிய அருங்காட்சியகப் பார்வையாளர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். கலையை ரசிக்கும் ‘இயல்பான’ தகுதி என்பது குடும்பமும் பள்ளியும் சேர்ந்து ஊட்டியது, ஊட்டியதை மறைப்பதற்குத்தான் இயல்பு என்ற பெயர் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். நம் ஊரில் இதோடு சாதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இங்கே கைப்பழக்கம் உள்ள வீட்டுக்குக் கலைஞன் என்ற பெயர் கிடைக்காது. பெயர் கிடைக்கிற வீட்டில் கைப்பழக்கம் இருந்தாக வேண்டும் என்ற அவசியமில்லை. தினம் விடியலில் வாசலில் புள்ளிவைத்துக் கோடு இழுக்கிற பெண்ணின் தூரக் கணக்கை யாரும் வரைதல் என்று எண்ணுவதில்லை. கட் அவுட்டில் நாற்பதடி முகத்தைக் கட்டம் போட்டுப் பெருக்கிய பையன்களின் பட்டறைகள் 2000க்குப் பிறகு ஃபிளெக்ஸ் வந்ததும் மூடப்பட்டன. கல்லூரிக்கு வெளியே இருந்த ஒரு கல்லூரி மூடப்பட்டதாக யாரும் வருத்தப்படவில்லை.

இதிலுள்ள முரண் சோழமண்டலத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. பணிக்கரும் மாணவர்களும் நிலம் வாங்கியது ஓவியம் விற்ற காசில் அல்ல. பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசில். நுண்கலையின் சுதந்திரத்துக்குக் கைத்தொழில் முன்பணம் கட்டியது. பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டி உருவாக்கிய சிற்பங்களுக்குப் பின்னால் கோயில் கவசம் அடிக்கும் கம்மியரின் நுட்பம் இருக்கிறது. ஜானகிராமின் பெயர் நமக்குத் தெரியும். கம்மியரின் பெயர் தெரியாது.

2013இல் உருவான இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் குடையில் சென்னை, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிகளும் மாமல்லபுரம் கல்லூரியும் வந்துவிட்டன. காகிதத்தில் வாசல் ஒன்றாகிவிட்டது. ஆனால் பிளஸ் டூ முடித்துவிட்டுச் செய்முறைத் தேர்வுக்கு உட்காரும் பிள்ளைகளில், பென்சிலும் நிழலும் பழகிய கைக்குத்தான் இன்னும் வசதி. டிராயிங் லோயர், ஹையர் பரீட்சைகளுக்குப் பணம் கட்டிப் படிக்கவைக்கிற வீடு எது, ‘படம் வரைஞ்சா சோறு போடுமா’ என்று கேட்கிற வீடு எது என்பது நமக்குத் தெரியும். கேட்கிற வீட்டின் பயத்தையும் குற்றம் சொல்ல முடியாது.

முட்டுக்காட்டில் செட்டிநாட்டு வணிகரின் வீடும் காஞ்சிபுரத்து நெசவாளியின் வீடும் பக்குவமாகப் பெயர்த்தெடுத்து நிறுத்தப்பட்டிருக்கின்றன. பலகையில் ஊர் இருக்கிறது, காலம் இருக்கிறது, மரத்தின் பெயர்கூட இருக்கும். நல்ல காரியம்தான். ஆனால் தறியடியில் உட்கார்ந்து கரையின் கணக்கைக் கற்ற பிள்ளை எந்தப் பலகையிலும் இல்லை. அந்தப் பிள்ளை நாளைக்குக் கவின்கலைப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்தால், இதுவரை என்ன படிச்சேன்னு கேட்கப்படும். உன் கை எங்கே பழகியது என்று கேட்கப்படுமா? அந்தக் கேள்வியை நேர்முகத்திலும் கேட்க வேண்டும், வாழ்க்கைக் குறிப்பிலும் எழுத வேண்டும். நமது நவீன ஓவிய வரலாற்றின் முதல் அத்தியாயம் இன்னும் எழுதப்படாமல் அந்தப் பத்துப் பதினைந்து வருஷங்களுக்குள்தான் கிடக்கிறது.