பி.எம்.ஆர்.ஒய். காலம்

எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்ச் கார்டைப் புதுப்பித்துப் புதுப்பித்தே முப்பது வயதைத் தாண்டியவர்கள் எண்பதுகளில் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். 'வேலை தேடாதே, நீயே தொழில் தொடங்கு' என்று அரசாங்கம் இவர்களிடம் சொல்ல ஆரம்பித்தபோது நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்தேன். 1983-ல் படித்த வேலையற்ற இளைஞர்களுக்கான சுயவேலைத் திட்டம் வந்தது. பத்து வருஷம் கழித்து, நரசிம்ம ராவ் ஆட்சியில், 1993 அக்டோபர் 2 அன்று பிரதமர் ரோஜ்கார் யோஜனா. எங்களுக்கு அது பி.எம்.ஆர்.ஒய்.

ஆரம்பத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை திட்டச் செலவு. அதில் 15 சதவீத மானியம், உச்சவரம்பு 7,500 ரூபாய். பயிற்சியும் உண்டு, ஆனால் கடன் சாங்ஷன் ஆன பிறகு, சில நாட்கள் மட்டும். பலருக்கு அது பணம் கைக்கு வருவதற்கு முன் உட்கார்ந்து எழ வேண்டிய ஒரு சடங்கு. என்ன தொழில் என்று கேட்டால் ஜெராக்ஸ், எஸ்.டி.டி. பூத் என்பார்கள். ஒரே தெருவில் மூன்று பூத் வந்தால் யார் போய்ப் பேசுவது?

இதை வேறு வரிசையில் செய்தவர்கள் இருந்தார்கள். கர்நாடகத்தில் உஜிரே என்ற ஊரில், தர்மஸ்தலா வீரேந்திர ஹெக்டேயின் முயற்சியில் சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் சேர்ந்து 1982-ல் ருட்செட்டி நிறுவனத்தைத் தொடங்கின. அங்கே முதலில் பயிற்சி, பிறகுதான் கடன். தங்குவதும் சாப்பாடும் இலவசம். முடித்துப் போனவனை இரண்டு வருஷம் விடாமல் விசாரிப்பார்கள். என் கணக்கில் முக்கியமானது இந்தக் கடைசி விஷயம்தான். 2009-ல் மத்திய அரசு இதே முறையை மாவட்டத்துக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டது. 1992-ல் தொடங்கிய பாரதிய யுவ சக்தி அறக்கட்டளையும் கடன் வாங்கும் இளைஞனுக்குத் தொழில் தெரிந்த ஒரு வழிகாட்டியைச் சேர்த்தே கொடுத்தது.

எங்கள் கிளையில் அப்படி யாரும் இல்லை. 1996 என்று ஞாபகம். பி.காம். படித்தவர், வயது 34, மோட்டார் காயில் கட்டும் கடை. நாலாவது மாதமே தவணை நின்றது. வசூலுக்குப் போனேன். கடை நிறைய வேலை, கல்லாவில் காசில்லை, எல்லாம் கடனுக்கு. எதிர் இரும்புக் கடை அண்ணாச்சியிடம், "இவனைக் கொஞ்சம் பார்த்துக்கிடுங்க" என்றேன்.

"பாதித் துட்டு வாங்காம மோட்டாரைக் கழத்தாதல. ராத்திரி நோட்டை என்கிட்ட காட்டிட்டுத்தான் வீட்டுக்குப் போவணும்" என்றார் அவர்.

ஒரு வருஷத்துக்கு மேல் அந்த நோட்டு தினமும் ரோட்டைக் கடந்து போய் வந்தது. தவணை மறுபடி வர ஆரம்பித்தது. நான் மாற்றலாகிப் போகும்போது பாக்கி ஆறு தவணைதான்.